பி.ரி.எஸ்.டி. கோச்: காவல் இருந்து பழகியவளின் மதிப்பீடு

மனவடுவோடு வாழ்பவர்களுக்கான இந்தத் தொலைபேசிச் செயலியை நான் முதன்முதலில் திறந்தது எங்கள் அலுவலகத்துக் கழிவறைக்குள் நின்றுகொண்டுதான். ரொறன்ரோ ஏரிக்கரையில் 1949 இல் தொடங்கிய வான்சாகசக் காட்சி, ஆண்டுதோறும் தொழிலாளர் தின வார இறுதியில் நடைபெறுகிறது. காட்சி சனிக்கிழமைதான் தொடங்கும் என்று நினைத்து, அந்த நாட்களை வடக்கே ஒரு சிநேகிதியின் வீட்டில் கழிப்பதற்கு ஆயத்தம் செய்திருந்தேன். ஒத்திகைப் பறப்புகள் அதற்கு முன்னரே தொடங்கிவிடும் என்பது, ஏரிக்கரைப் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் முதலாவது விமானம் கட்டடத்துக்கு மேலாக இரைந்துகொண்டு போனபோது, உடன் வேலை செய்பவர்கள் கோப்பிக் குவளைகளோடு யன்னலடிக்கு ஓடினார்கள். நான் எதிர்ப்புறமாக ஓடினேன். அந்தத் தளத்தில் யன்னல் இல்லாத ஒரே அறை அந்தக் கழிவறைதான் என்பதை, வேலையில் சேர்ந்த முதல் நாளே என் கண்கள் குறித்து வைத்திருந்தன என்பது கதவைத் தாழிட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது.

செயலியின் பெயரைக் குடும்ப வைத்தியரிடம் வேலை செய்யும் தாதி ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்திருந்தார். தரவிறக்கி வைத்திருந்தேனே தவிர, அதுவரை திறக்கவில்லை. அன்று தொடங்கி ஒன்றரை ஆண்டாக அதைப் பயன்படுத்தி வருகிறேன். என்னைப்போல் போருக்குத் தப்பி இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால், அது எதற்கு உதவுகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

'பி.ரி.எஸ்.டி. கோச்' என்பது, பி.ரி.எஸ்.டி. எனப்படும் மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டுடன் வாழ்பவர்களுக்காக, அமெரிக்க முன்னாள் படையினர் நலத் திணைக்களத்தின் தேசிய பி.ரி.எஸ்.டி. நிலையம் அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துடன் சேர்ந்து 2011 இல் வெளியிட்ட இலவசச் செயலி. கணக்குத் திறக்கத் தேவையில்லை. பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. எங்கே, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்கும் படிவங்களைக் கண்டாலே கை நடுங்குபவர்களுக்கு இது சிறிய விடயமல்ல என்பதை, அகதிக் கோரிக்கைக்காகப் பல மேசைகளுக்கு முன்னால் இருந்து எழும்பியவர்கள் அறிவார்கள். நோயைப் பற்றி அறிவது, தன்னைத்தானே மதிப்பிடுவது, அறிகுறிகளைக் கையாள்வது, உதவி தேடுவது என்று அதில் நான்கு பகுதிகள் உள்ளன. தான் சிகிச்சைக்கு மாற்றீடு அல்ல என்பதையும் செயலி தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

மிகைவிழிப்பு என்ற சொல்லை நான் அந்த நான்கில் முதலாவது பகுதியின் வழியாகத்தான் முறையாக விளங்கிக்கொண்டேன். ஆபத்து முடிந்த பிறகும் உடல் ஆபத்துக்குள்ளேயே நிற்பது, காது எப்போதும் எதையோ தேடிக்கொண்டிருப்பது, முதுகுக்குப் பின்னால் வெறும் இடம் இருந்தால் சோறு இறங்காமல் போவது ஆகிய இவையெல்லாம் அதன் முகங்கள். ஆனால் 2009 இல், போரின் கடைசி மாதங்களில், பதினேழு வயதில் வன்னியில் இருந்த எனக்கு இது நோயாக அறிமுகமாகவில்லை, தொழிலைப்போல் கற்றுக்கொண்ட ஒன்றாகவே அறிமுகமானது. எங்கோ தொலைவில் செல் குத்துகிற (எறிகணை ஏவுகிற) சத்தம் கேட்டால், அது வந்து விழுவதற்கு முன் எத்தனை வரை எண்ணலாம் என்பது புதுக்குடியிருப்பில் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். மேலே 'வண்டு' சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டேதான் அம்மா அடுப்பு மூட்டுவார். ஆளில்லா வேவு விமானத்துக்கு அதன் இரைச்சலை வைத்து எங்கள் சனம் இட்ட பெயர் அது. கிபிர் போர்விமானம் வருகிறது என்றால் பதுங்குகுழியான பங்கருக்குள் யார் முதலில் இறங்குவது, யார் கைக்குழந்தையை வாங்குவது என்பதெல்லாம் பேசி முடித்த ஒழுங்குகள். நன்றாகக் கேட்டவர்கள் சில வேளைகளில் தப்பினார்கள். நன்றாகக் கேட்டும் தப்பாதவர்கள் இருந்தார்கள். மாத்தளனில் நாங்கள் இழந்த அப்பா அவர்களில் ஒருவர். ஆனால் மூளை அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. விழித்திருந்தோம், உயிரோடு இருக்கிறோம் என்ற இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்துக்கொள்கிறது.

அந்தக் கயிறு 2014 இல் என்னோடு ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கும் வந்து சேர்ந்தது. உணவகத்துக்குப் போனால் சுவரோரமாக, வாசலைப் பார்த்த கதிரைதான் எனக்கு. என் மகனுக்கு ஆறு வயது; அவன் ஓடிப்போய் அந்தக் கதிரையில் கை வைத்து, "இது அம்மாவின்ரை" என்று மற்றவர்களை விலக்குகிறான். அவனுக்கு நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழும்பி முன்கதவையும் அடுப்பையும் யன்னல்களையும் பார்த்து வருவேன். வந்து சேர்ந்த அடுத்த ஆண்டு, விக்ரோறியா தினம் என்ற கனடிய விடுமுறை மே 18 ஆம் திகதி திங்கட்கிழமையிலேயே வந்தது. மாலையில், 2009 இல் அதே நாளில் போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் நினைவுக்கு விளக்கேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்த இரவில் ஊரெல்லாம் வாணவெடி வெடித்தது. எல்லாரும் கொண்டாடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அறிவு காலுக்குப் போய்ச் சேரவில்லை. விடியும் வரை நிலவறைப் படிக்கட்டிலேயே இருந்தேன்.

இனிச் செயலிக்கு வருகிறேன். மதிப்பிடும் பகுதியில் இருபது கேள்விகள் உள்ளன. உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் அதே வினாக்கொத்துத்தான். கடந்த ஒரு மாதத்தில் எந்த அளவுக்குத் தொந்தரவுப்பட்டீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை குறிக்க வேண்டும். கூட்டுத்தொகை 80 வரை போகலாம். 31 முதல் 33 வரையிலான எல்லையைத் தாண்டினால் முறையான பரிசோதனைக்குப் போவது நல்லது என்பது பொதுவான அளவுகோல். பதினேழாவது கேள்வி மிகையான விழிப்போடும் காவல் உணர்வோடும் இருப்பதைப் பற்றியது. பதினெட்டாவது எளிதில் திடுக்கிடுவதைப் பற்றியது. இரண்டுக்கும் 4 இட்டபோது எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, ஆறுதலாக இருந்தது. எனக்கு மட்டும் உரிய கிறுக்கென்று நான் மறைத்துவந்த ஒன்றுக்கு எங்கோ ஒரு வரிசையில் இலக்கம் இருக்கிறது என்றால், இதோடு வாழ்பவர்கள் போதிய அளவில் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? முதல் முறை எனக்கு 52 வந்தது. அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போனேன். அதற்கு முன் ஒரு மருத்துவ நிலையத்தில், நித்திரை வருவதில்லை என்று சொன்னதற்கு நித்திரைக் குளிசை மட்டும் தந்து ஐந்து நிமிடத்தில் அனுப்பியிருந்தார்கள். ஏன் வருவதில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. இருபது விடைகளும் கையில் இருந்தபோது பேச்சு வேறு விதமாகத் தொடங்கியது.

இந்த வினாக்கொத்தில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. உங்களுக்கு நேர்ந்த மிக மோசமான சம்பவத்தை மனதில் வைத்து விடையளியுங்கள் என்கிறது. மாதக்கணக்காக நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு தறப்பாள் கொட்டிலிலும் ஒவ்வொருவரை விட்டுவிட்டு வந்தவர்கள் எந்தச் சம்பவத்தைத் தெரிவது? நான் ஒவ்வொரு முறையும் ஒரே நாளையே நினைத்து நிரப்புவதென்று முடிவு செய்துகொண்டேன். அப்படிச் செய்தால்தான் மாதத்துக்கு மாதம் எண்களை ஒப்பிட முடிகிறது.

நான் அதிகம் பயன்படுத்தியது அறிகுறிகளைக் கையாளும் பகுதியை. அப்போது உங்களை வருத்துவது எது என்று தெரிந்தெடுத்தவுடன் வெப்பமானியைப் போன்ற ஓர் அவதிமானி வருகிறது. 0 முதல் 10 வரை உங்கள் நிலையை அதில் குறிக்கிறீர்கள். பிறகு மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, ஐந்து புலன்களையும் சுற்றியுள்ள பொருட்களில் ஊன்றவைக்கும் பயிற்சி என்று ஏதோ ஒன்றைச் செயலி தருகிறது. முடிந்ததும் மீண்டும் அதே மானி. பிடித்த பயிற்சிகளைத் தனியே சேமித்து வைக்கலாம்.

அன்று கழிவறைக்குள் 9 என்று குறித்தேன். எனக்குக் கிடைத்தது மூன்று படிகளைக் கொண்ட ஒரு பயிற்சி: தளர்த்து, இனங்காண், தீர்மானி. முதலில் மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்த வேண்டும். பிறகு, எது உங்களை உலுக்கியது, இந்தக் கணம் அந்தக் காலத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது படியில் நெடுநேரம் நின்றேன். இந்த விமானத்துக்கு நேர அட்டவணை உண்டு. கீழே நிற்பவர்கள் ஓடவில்லை, அண்ணாந்து பார்க்கிறார்கள். சத்தம் தூரத்துக்குப் போன பிறகு புகை எழவில்லை, யாரும் யாருடைய பெயரையும் கூப்பிடவில்லை. இவற்றை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் தட்டெழுதினேன். மூன்றாவது படியில், கதவைத் திறந்து வெளியே போய் மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்வதென்று தீர்மானித்தேன், சொன்னேன். மானி 6 க்கு இறங்கியிருந்தது. 9 இலிருந்து 6 என்பது வெளியாருக்கு அற்பமாகத் தெரியலாம். 9 இல் பேச முடியாது, 6 இல் பேசலாம், அதுதான் வேறுபாடு.

கண்களை மூடிக்கொள்ளச் சொல்லும் பயிற்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி நல்ல பயிற்சிதான். ஆனால் கண்ணை மூடு என்று காவலில் நிற்பவளிடம் சொன்னால், அவள் இன்னும் அகலத் திறப்பாள். முதல் சில வாரங்கள் என்னால் இயலவே இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கண்களைத் திறந்தபடி, எதிரேயுள்ள ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு செய்யலாம் என்பதை நானாகக் கண்டுகொண்டேன். அதே நிலையில் இருப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனிச் சொல்லப்போவது. வருத்தும் விடயங்களின் பட்டியலில் மனவடுவை நினைவூட்டும் ஒன்றைச் சந்தித்தது, பதகளிப்பு (பதற்றம்), கோபம், துயரம், நித்திரையின்மை, மனிதரிலிருந்து விலகிப் போவது ஆகியவை இருக்கின்றன. காவல் நிற்பது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. முதலில் இதை ஒரு விடுபாடு என்று மட்டும் நினைத்தேன். சில மாதங்கள் என் எண்களைப் பார்த்த பிறகுதான் ஆழமான சிக்கல் தெரிந்தது. இரவு இரண்டு மணிக்கு யன்னலடியில் நின்று தெருவைப் பார்க்கும்போது மானியில் நான் குறிப்பது 2. அந்த நேரத்தில் எனக்கு அவதியே இல்லை. கடமை செய்பவளுக்குரிய அமைதி இருக்கிறது. யன்னலைப் பார்க்காமல் படுக்கையில் கிடக்கும்போதுதான் எண் 7 க்கும் 8 க்கும் ஏறுகிறது. அதாவது இந்த மானி திடுக்கிடலை அளக்கிறது. விழிப்பை அளப்பதில்லை, ஏனென்றால் விழிப்பு வலிப்பதில்லை. வலியைக் கொண்டு தன் நோயைத் தேடுகிற ஒருவர், செயலியைத் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்கமாட்டார். வாழ்நாளில் பாதியை வாசலைப் பார்த்தபடியே கழித்துவிட்டு, தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவர் சொல்லக்கூடும்.

இதை என் உளவளத்துணையாளரிடம் காட்டியபோது அவர் விளக்கியது எனக்கு வழியைத் திறந்தது. ஒவ்வொரு முறை கதவைச் சோதிக்கும்போதும், சோதித்தபடியால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று மூளை படித்துக்கொள்கிறது. சோதிக்காமல் விட்டாலும் ஒன்றும் நடக்காது என்பதைப் படிக்க அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. ஆகவே நாங்கள் செயலியைத் தலைகீழாகப் பயன்படுத்தத் தொடங்கினோம். கலங்கிய பிறகு திறப்பதற்குப் பதிலாக, காவலை இறக்கிவைக்கும் சிறு பயிற்சி ஒன்றைத் தொடங்குவதற்கு முன்னரே திறப்பது. வாசலுக்கு முதுகு காட்டி ஐந்து நிமிடம் இருப்பது, அல்லது நான்கு மணிச் சுற்றைக் கைவிடுவது. தொடங்கும்போது ஓர் எண், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண், முடியும்போது ஓர் எண். எண் தானாக இறங்கும்வரை எழும்பக்கூடாது என்பது மட்டுமே விதி. மிளகாய் வெங்காயம் வதங்கும் மணம் வருகிற ஒரு தோசைக் கடையில் முதன்முதலாக வாசலுக்கு முதுகு காட்டிய கதிரையில் நான் இருந்தபோது, பின்கழுத்தில் குளிர்காற்று படும் ஒவ்வொரு முறையும் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று தெரியும், திரும்பிப் பார்க்கக்கூடாது. 8 இல் தொடங்கியது இருபத்திரண்டு நிமிடம் கழித்து 5 க்கு வந்தது. தோசையின் சுவை எனக்கு நினைவில்லை. அதன் பிறகு போன நாட்களில் நினைவிருக்கிறது.

துணைக்கு ஆள் இல்லாமல் இந்தத் தலைகீழ்ப் பயிற்சியை யாரும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெறும் செயலியால் எவ்வளவு முடியும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது: 2017 இல் வெளியான ஒன்றில் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் இந்தச் செயலியைக் கொடுத்தார்கள். காத்திருந்தவர்களைவிட அவர்களின் அறிகுறிகள் குறைந்தன. ஒப்பீடு காத்திருப்போடுதான், சிகிச்சையோடு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சிகிச்சைக்காகக் காத்திருக்கும் நீண்ட வரிசையில் நிற்பவருக்கு அதுவே நல்ல துணை.

மொழிதான் எங்களுக்குப் பெரிய தடை. ஆங்கிலம், ஸ்பானிய மொழி தவிர, வேறு நாடுகள் தழுவி உருவாக்கிய பதிப்புகள் சில உண்டு. கனடாவின் பதிப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிறது. தமிழில் இல்லை. 2009 நடுப்பகுதியில் யாழ். மாவட்டத்தில் எடுக்கப்பட்ட கணிப்பில் நூற்றுக்கு 7 பேரிடம் இந்த நோயும், 32 பேருக்கு மேல் பதகளிப்பும் காணப்பட்டன.  இத்தனை பேருக்கு மத்தியில் மூச்சுப் பயிற்சியைச் சொல்லித்தரும் குரல் அமெரிக்க ஆங்கிலத்தில் ஒலிப்பது, வீட்டுக்குள் அந்நியர் ஒருவர் நிற்பதைப்போல் எனக்குப் பல நாள் இருந்தது. யாழ்ப்பாணத்து மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே இதை உணர்ந்து, அவரவர் சமயத்தில் பழகிய சொல்லையே தளர்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். சைவருக்கு ஓம், முஸ்லிம்களுக்குச் சுப்ஹானல்லாஹ், கிறிஸ்தவர்களுக்கு இயேசுவின் பெயர். அவர் வழியை நினைத்துத்தான் நானும் ஒன்று செய்தேன். செயலியில் நமக்குப் பிடித்த படங்களையும் பாட்டுக்களையும் நம் தொலைபேசியிலிருந்து சேர்க்கலாம். மூச்சை இழு, பிடி, விடு என்பதை என் குரலிலேயே தமிழில் பதிந்து, நடுவில் அம்மா சிவாயநம என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வதையும் பதிந்து சேர்த்தேன்.

உதவி தேடும் பகுதியில் முதலில் தெரியும் இலக்கங்கள் அமெரிக்காவுக்கு உரியவை. அதிலேயே நம் சொந்தத் தொடர்புகளைச் சேர்க்க இடமிருப்பதால், அமைதியாக இருக்கும் ஒரு பகலில் உட்கார்ந்து அதை நிரப்பிவிடுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் கனடாவில் 988 ஐ எந்நேரமும் அழைக்கலாம். இலங்கையில் 1926, தமிழ்நாட்டில் 14416. நான் முதலில் சேர்த்த பெயர் கணவருடையது, இரண்டாவது உளவளத்துணையாளருடையது, மூன்றாவது அன்று என்னைத் தன் வீட்டில் தங்க வைக்கவிருந்த சிநேகிதியுடையது. ரொறன்ரோவில் சித்திரவதைக்கும் போருக்கும் தப்பி வந்தவர்களுக்காகவே பல பத்தாண்டுகளாக இயங்கும் சி.சி.வி.ரி. நிலையத்தின் இலக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

என் கூட்டுத்தொகை இப்போது 34 இல் நிற்கிறது. திடுக்கிடலைப் பற்றிய பதினெட்டாவது கேள்விக்கு 2 இடுகிறேன். காவல் உணர்வைப் பற்றிய பதினேழாவதுக்கு இன்னும் 3.

அம்மாவுக்கு 68 வயது, எங்களோடுதான் இருக்கிறார். அவர் படுக்கையறை வாசலில் ஒரு பை எப்போதும் கட்டியபடி இருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சோடி உடுப்பு, ஒரு போத்தல் தண்ணீர். ஆங்கிலம் வாசிக்க மாட்டார், வைத்தியரிடம் இதைப் பற்றிப் பேசவும் மாட்டார். சென்ற ஆண்டு யூலை 1 ஆம் திகதி இரவு கனடா தின வாணவெடி தொடங்கியதும் நிலவறைக்கு இறங்கப்போனவரைக் கைபிடித்து என் பக்கத்தில் இருத்தி, தொலைபேசியில் அந்த வெப்பமானியைக் காட்டினேன். "எத்தனை அம்மா?" என்று கேட்டேன். "எட்டு" என்றார். அவருடைய குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினேன். இருவருமாக அந்தச் சிவாயநமவோடு மூச்சை இழுத்தும் விட்டும் நெடுநேரம் இருந்தோம். மறுபடியும் கேட்டபோது, "வெடி இன்னும் நிக்கேல்லையே" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஆறு எண்டு போடு, பிள்ளை" என்றார்.